திருவட்டார் – குலசேகரம் சாலைத் தீவனக் கடை: மாடு வளர்ப்போருக்கான ஒரு மதிப்பீடு

திருவட்டாரிலிருந்து குலசேகரம் செல்லும் சாலையோரத்தில் இருக்கும் இந்தக் கடையின் பலகையில் ‘கால்நடைத் தீவனம்’ என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எதுவும் எழுதப்படவில்லை. உள்ளே தேங்காய், கடலை, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்குகள், கோதுமைத் தவிடு, அரிசித் தவிடு, மக்காச்சோளம், உளுந்துப் பொட்டு, தாது உப்புக் கலவை, கம்பெனிகளின் குச்சித் தீவன மூட்டைகள் ஆகியவற்றோடு கடைக்காரரே அரைத்துக் கலக்கும் கலப்புத் தீவனமும் இருக்கிறது. கலப்பின ஜெர்சிப் பசுக்கள் இரண்டும் சில ஆடுகளும் கோழிகளும் உள்ள எங்கள் வீட்டுக்கு நெடுங்காலமாக இங்கிருந்துதான் தீவனம் வருகிறது. மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் இதைவிடப் பெரிய கடைகள் இருக்கின்றன. சில பொருள்கள் அங்கே விலையும் குறைவு. இருந்தும் இந்தக் கடையைப் பரிந்துரைக்கிறேன். தீனி எடுக்காத மாடு தன் உடம்பைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்கிறது என்பதைப் புரிந்துகொண்டு, அதைக் கேட்ட பிறகே சரக்கை எடை போடுகிற கடைக்காரர் இவர்.

இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் தீவனக் கடைக்கு வருவோர் அடிக்கடி கேட்பது பசிப் பொடி. “அண்ணாச்சி, மாடு தீனி எடுக்கல, பசிக்கு ஏதாவது பொடி குடுங்க” என்று யாராவது வந்து நின்றால், பெரும்பாலான கடைகளில் ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்வார்கள். இவர் முதலில் கேட்பது, “அசை போடுதா? சாணி எப்படி இருக்கு?” என்பதுதான். அடுத்து நேற்று என்ன தின்றது, கன்று ஈன்று எத்தனை நாளாகிறது, தொட்டியில் தண்ணீர் எப்போதும் நிற்கிறதா என்று கேட்பார். வாங்க வந்தவருக்குச் சில நேரங்களில் இது பொறுமையைச் சோதிக்கும். ஆனால் அந்தக் கேள்விகளில் வீணானது ஒன்றுகூட இல்லை என்பதால், ஒவ்வொன்றையும் சற்று விளக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பசுவின் வயிற்றில் நான்கு அறைகள் உள்ளன. அவற்றுள் முதல் அறையான பெருவயிறு, வளர்ந்த மாட்டில் நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளக்கூடியது. அங்கே வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தான் மனிதக் குடலால் செரிக்க முடியாத வைக்கோலையும் புல்லையும் நொதிக்கச் செய்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் ஆகிய கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ எழுபது சதவீதம் இந்த அமிலங்களிலிருந்தே கிடைக்கிறது. அவ்வளவு அமிலம் உண்டாகும் இடம் புளித்துக் கெட்டுப்போகாமல் காப்பது உமிழ்நீர். மாடு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் அசை போடுகிறது. நாளொன்றுக்குச் சுரக்கும் உமிழ்நீர் நூறு லிட்டரைத் தாண்டும். அதிலுள்ள பைகார்பனேட் உப்பு அமிலத்தைத் தணிக்கிறது. நீளமான நார் இல்லையென்றால் அசை இல்லை, அசை இல்லையென்றால் உமிழ்நீர் குறைகிறது, உமிழ்நீர் குறைந்தால் பெருவயிறு புளிக்கிறது, புளித்த வயிறு தீனியை மறுக்கிறது. ஆகவே பசி இல்லை என்று வருபவரிடம் அசை போடுகிறதா என்று கேட்பவர் சரியான இடத்தில் தொடங்குகிறார்.

வைக்கோலை மட்டுமே நம்பியிருக்கும் மாடுகளின் நிலை வேறு. நெல் வைக்கோலில் புரதம் மூன்று நான்கு சதவீதம்தான் இருக்கும். பெருவயிற்று நுண்ணுயிர்கள் பெருகி வேலை செய்ய, தின்னும் தீனி முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது ஏழு சதவீதமாவது புரதம் வேண்டும். அதற்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் மெலிகின்றன, வைக்கோல் செரிக்காமல் பெருவயிற்றிலேயே தங்குகிறது, வயிற்றுச் சுவர் விரிந்திருப்பதால் போதும் என்ற செய்தி மூளைக்குப் போகிறது, உடம்பு மெலிந்துகொண்டே இருந்தாலும் மாடு வாயைத் திருப்பிக்கொள்கிறது. நாஞ்சில் நாட்டு வயல்கள் சுருங்கிவிட்டதால் வைக்கோலை வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்கி அதைச் சிக்கனமாகப் போடுகிற வீடுகளில் இதை நிறையவே காணலாம். அப்படிப்பட்ட மாட்டுக்குப் பசிப் பொடி எதையும் செய்யாது; சிறிது பிண்ணாக்கும் பசும்புல்லும் சேர்த்தால் நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் கிடைத்து, வைக்கோல் விரைவாக நொதித்து வெளியேறி, அதே மாடு கூடுதலாகத் தின்னத் தொடங்கும். இதை ஒருவரிடம் பொறுமையாகச் சொல்லி, பொடிக்குப் பதிலாக அரைக் கிலோக் கணக்கில் கடலைப் பிண்ணாக்கு கொடுத்து அனுப்பிய கடைக்காரரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இதற்கு நேர்மாறான தொல்லை பலாக் காலத்தில் வருகிறது. சக்கை மடலும் பழுத்த சுளையும் மிஞ்சும்போது தொழுவத்தில் கொட்டுவது நம் ஊர் வழக்கம். ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் மிஞ்சிய சோற்றையும் கஞ்சியையும் ஒரே வேளையில் ஊற்றுவதும் அப்படித்தான். மாவும் சர்க்கரையும் மிக வேகமாக நொதித்து லாக்டிக் அமிலம் பெருகும்போது, வழக்கமாக ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் இருக்க வேண்டிய பெருவயிற்றின் பி.எச். அளவு (அது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) ஐந்தரைக்குக் கீழே விழுகிறது. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன, அசை நிற்கிறது, சாணம் புளித்த வாடையுடன் இளகுகிறது, முற்றினால் மாடு படுத்துவிடும். இத்தகைய வீட்டார் வந்தால் கடைக்காரர் எதையும் விற்பதில்லை. அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போகச் சொல்கிறார், நேரம் தவறியிருந்தால் 1962 என்ற எண்ணை அழைத்து நடமாடும் மருத்துவ ஊர்தியைக் கேட்கச் சொல்கிறார். வியாபாரத்தை விட்டுக்கொடுத்துச் சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தக் கடைக்கு மதிப்பெண் போட வேண்டும்.

பெருவயிறு நிறைவது பசியை நிறுத்தும் ஒரு வழி மட்டுமே. தவிடும் மாவும் மிகுந்த தீனியில் உண்டாகும் புரோப்பியானிக் அமிலம் கல்லீரலுக்குப் போய் எரியும்போது, வயிற்றில் இடம் இருக்கும்போதே போதும் என்ற செய்தி அங்கிருந்து மூளைக்குச் செல்கிறது என்று ஊட்டச்சத்து அறிவியலார் விளக்குகிறார்கள். தவிடு, பிண்ணாக்கு, தானியம் போன்ற அடர் தீவனத்தை ஒரே வேளையில் குவித்துக் கொட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்வதற்கு இது ஒரு காரணம். பசியைக் குறைக்கும் இன்னொன்று வெப்பம்: நொதித்தலே உடம்புக்குள் சூட்டை உண்டாக்குவதால், புழுக்கமான ஏப்ரல், மே மாதங்களில் மாடு தானாகவே தீனியைக் குறைத்துக்கொள்கிறது. அப்போது விடியற்காலையிலும் இரவிலும் தீனி போட்டு, குளிர்ந்த தண்ணீரை நாள் முழுதும் தொட்டியில் நிறுத்துவதே மருந்து. ஈன்ற பசுவுக்கோ பால் உச்சத்துக்கு ஏறும் வேகத்தில் பசி ஏறுவதில்லை. பால் ஒன்றரை இரண்டு மாதத்துக்குள் உச்சத்தைத் தொட, தீனி எடுக்கும் அளவு அதற்குப் பல வாரங்கள் பின்தங்கியே உச்சத்துக்கு வருகிறது, இடைப்பட்ட காலத்தில் பசு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பாலாக்குகிறது. ஈன்று எத்தனை நாளாகிறது என்ற கேள்வியின் பொருள் இதுதான்.

இனிச் சரக்கைப் பற்றி. இந்தக் கடையின் தேங்காய்ப் பிண்ணாக்கு பக்கத்து எண்ணெய்ச் செக்குகளிலிருந்து வருகிறது. கையில் எடுத்தால் எண்ணெய்ப் பிசுக்கும் நல்ல தேங்காய் மணமும் இருக்கும். நம் மாவட்டத்து மாடுகள் இதன் சுவைக்குப் பழகியவை. ஆனால் இதில் புரதம் இருபது, இருபத்திரண்டு சதவீதம்தான்; கடலைப் பிண்ணாக்கில் அது நாற்பதுக்கு மேல். எனவே கிலோ விலையை ஒப்பிட்டுத் தேங்காய்ப் பிண்ணாக்கே மலிவு என்று முடிவு செய்வது சரியாகாது. கிலோ விலையைப் புரதச் சதவீதத்தால் வகுத்துப் பார்த்தால் கடலைப் பிண்ணாக்கு பல நேரங்களில் மலிவாக வரும். கடைக்காரர் இந்தக் கணக்கைக் கேட்டவுடன் துண்டுத் தாளில் போட்டுக் காட்டுகிறார். செக்குப் பிண்ணாக்கில் தங்கும் தேங்காய் எண்ணெயிலுள்ள லாரிக் அமிலம் பெருவயிற்று நுண்ணுயிர்களில் ஒரு பகுதியை அடக்கக்கூடியது, ஆகவே அளவு மீறினால் நார் செரிப்பதும் தீனி எடுப்பதும் குறையும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். சொந்தச் சரக்கின் குறையைச் சொல்லி விற்கும் வழக்கம் அரிது. காறிப்போன பிண்ணாக்கை நான் இங்கே பார்க்கவில்லை. வந்த சரக்கை வாரக் கணக்கில் தேக்கி வைக்காமல் விற்றுத் தீர்ப்பதே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் பெய்யும் மாவட்டத்தில் தீவனக் கடையின் உண்மையான சோதனை கிடங்கில்தான் நடக்கிறது. இங்கே மூட்டைகள் மரப்பலகைகளின் மேல், சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி அடுக்கப்பட்டிருக்கின்றன; ஈரம் பட்ட மூட்டையைத் தனியே ஒதுக்கிவிடுகிறார்கள். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கின் ஆபத்து நம்மில் பலருக்குத் தெரிவதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று தெரிந்து, அதிலிருந்துதான் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. பசு இதைத் தின்றால் உடனே சாவதில்லை. தீனி குறையும், கல்லீரல் கெடும், நஞ்சின் ஒரு பங்கு உருமாறிப் பாலில் இறங்கும். பாலில் இருக்கக்கூடிய அளவுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. கட்டிபட்ட, பச்சைபிடித்த பிண்ணாக்கைக் கழுவிக் காயவைத்துப் போடலாம் என்று சொல்வோர் உண்டு. சாதாரணச் சூட்டில் அந்த நஞ்சு அழிவதில்லை. மாடு அத்தகைய தீனியை முகர்ந்துவிட்டு விலகினால் அதை வற்புறுத்தித் தின்ன வைக்கக் கூடாது. இந்தக் கடையில் அப்படி ஒரு மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்த ஒருவருக்கு மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்ததைக் கண்டேன்.

கடையின் சொந்தக் கலப்புத் தீவனத்தைப் பற்றி எனக்கு மதிப்பும் உண்டு, குறையும் உண்டு. நூறு கிலோவில் மக்காச்சோளம் 35, கடலைப் பிண்ணாக்கு 20, தேங்காய்ப் பிண்ணாக்கு 12, கோதுமைத் தவிடு 30, தாது உப்புக் கலவை 2, உப்பு 1 என்பது அவர் வாய்மொழியாகச் சொல்லும் கணக்கு. பொருள்களின் வழக்கமான புரத அளவுகளைக் கொண்டு கூட்டிப் பார்த்தால் மொத்தப் புரதம் பதினெட்டரை சதவீதம் அளவில் வருகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2052 என்ற தரக் குறிப்பு, கறவை மாட்டுக் கலப்புத் தீவனத்தின் முதல் வகைக்கு 22 சதவீதமும் இரண்டாம் வகைக்கு 20 சதவீதமும் குறைந்தபட்சப் புரதமாகக் கேட்கிறது. எனவே எண்ணை மட்டும் பார்த்தால் இந்தக் கலவை சற்றுப் பின்தங்கியதாகத் தோன்றும். ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன் உள்ள யூரியாவை நூறு கிலோவில் ஒரு கிலோ சேர்த்தாலே, தாளில் ஏறத்தாழ மூன்று சதவீதப் புள்ளி புரதம் கூடிவிடும். யூரியாவை அளவோடு சேர்ப்பது தவறில்லை. நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக்கி, கூடவே மாவுச்சத்தும் கிடைத்தால் தம் உடம்புப் புரதமாக மாற்றிக்கொள்ளும், மாடு அந்த நுண்ணுயிர்களையே பின்னர் செரித்துக்கொள்ளும். அளவு மீறினாலும், பட்டினி கிடந்த மாட்டுக்கோ பெருவயிறு வளராத கன்றுக்கோ கொடுத்தாலும் அது நஞ்சாகிறது. இந்தக் கடையின் கலவையில் யூரியா இல்லை. பதினெட்டரையும் பிண்ணாக்கிலிருந்தும் தானியத்திலிருந்தும் வந்த புரதம். நாளுக்கு எட்டுப் பத்து லிட்டர் கறக்கிற, நல்ல கம்பு நேப்பியர் புல் கிடைக்கிற பசுவுக்கு இது போதுமானது. அதற்கு மேல் கறக்கும் பசு வைத்திருப்பவர்கள் கடலைப் பிண்ணாக்கைக் கூட்டிக் கலக்கச் சொல்லலாம். சொன்னால் செய்து தருகிறார்.

என் குறை என்னவென்றால், இத்தனை நல்ல கலவைக்கு மூட்டையின் மேல் ஒரு சீட்டுகூட இல்லை. என்னென்ன சேர்ந்தது, எந்தத் தேதியில் அரைத்தது, புரதமும் நாரும் எவ்வளவு என்று எழுதித் தராத வரையில், வாங்குபவர் கடைக்காரரின் வாக்கை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து, அந்தத் தாளைக் கல்லாவுக்கு மேல் ஒட்டிவைத்தாலே போதும். பலமுறை சொல்லியும் இது நடக்கவில்லை என்பது வருத்தம் தருகிறது. கன்றுக்குட்டிக்கென்று தனித் தீவனம் வைக்காததும் பெரிய குறை. பிறந்த கன்றின் பெருவயிறு சுருங்கிய பையாகவே இருக்கிறது. குடிக்கும் பால் அதைத் தொடாமல் உணவுக்குழாயின் மடிப்பு வழியே நேராக நான்காம் அறைக்குப் போய்விடும். சிறிது சிறிதாகத் தானியம் தின்னத் தொடங்கும்போது உண்டாகும் பியூட்டிரிக் அமிலமே பெருவயிற்றின் உட்சுவரை வளர்க்கிறது. அந்தப் பருவத்துக்கு ஏற்ற, எளிதில் செரிக்கிற, யூரியா அறவே இல்லாத கன்றுத் தீவனம் நம் பகுதியில் கிடைப்பது கடினம். இந்தக் கடை மனம் வைத்தால் செய்ய முடியும்.

தாது உப்புக் கலவையில் கடைக்காரர் காட்டும் அக்கறையைப் பாராட்ட வேண்டும். நம் மலையடிவாரத்துச் செம்மண் அமிலத் தன்மை மிகுந்தது. அது பாஸ்பரசைத் தன்னோடு பிணைத்து வைத்துக்கொள்வதால் புல்லுக்கு வேண்டிய அளவு கிடைப்பதில்லை. தொழுவத்துக் கம்பையும் எலும்பையும் துணியையும் மாடு மெல்லத் தொடங்கினால், அதை வெறும் கெட்ட பழக்கம் என்று அடித்து விரட்டுவதற்கு முன் பாஸ்பரஸ் குறைவை நினைக்க வேண்டும். கோபால்ட் இன்னும் நுட்பமானது. பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதைக் கொண்டு வைட்டமின் பி12 செய்கின்றன. அந்த வைட்டமின் இல்லாமல் கல்லீரலால் புரோப்பியானிக் அமிலத்தைப் பயன்படுத்த முடியாது. புல் நிறைந்த இடத்தில் நின்றுகொண்டே மாடு பசியிழந்து இளைக்கும். நாளுக்கு முப்பது முதல் ஐம்பது கிராம் வரை தாது உப்பு என்று அளந்து போட, கடைக்காரர் ஒரு சிறு அளவைக் குவளையை இலவசமாகத் தருகிறார். சிறிய பொருள்தான், ஆனால் கண்ணளவில் அள்ளிப் போடுவதால் வரும் குறையும் மிகையும் அதனால் தவிர்க்கப்படுகின்றன.

அரைவை இயந்திரத்தின் வாயில் பெரிய காந்தம் ஒன்று பொருத்தப்பட்டிருப்பதையும் குறிப்பிட வேண்டும். மாடு தீனியைப் பிரித்து மெல்லாமல் வாரி விழுங்குவதால், தவிட்டோடு வந்த ஆணியும் கம்பித் துண்டும் இரண்டாம் அறையில் போய்த் தங்கி, அங்கிருந்து உதரவிதானத்தையும் இதயத்தின் உறையையும் குத்திவிடும். அந்தக் காந்தத்தில் ஒட்டியிருந்த இரும்புத் துகள்களைப் பார்த்த பிறகு, காந்தம் இல்லாத இடத்தில் அரைத்த தீவனத்தை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

கோழித் தீவனப் பகுதி சிறியது. முட்டைக் கோழிக்குக் கடல் சிப்பித் தூளைத் தனியே விற்பது நல்லது, ஏனெனில் முட்டையிடும் கோழி தனக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்தைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவைக்கேற்பத் தேர்ந்து தின்னும். கருவாட்டுத் தூளில் உப்பு கூடுதலாகத் தெரிகிறது, தின்ற கோழிகள் அதிகம் தண்ணீர் குடித்துக் கூட்டை நனைத்தன. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கின் தோலும் திப்பியும் காயவைத்ததாகவே கிடைக்கின்றன. பச்சைத் தோலில் சயனைடு நஞ்சு உண்டாக்கும் பொருள் இருப்பதால் அப்படித்தான் விற்க வேண்டும்.

எடை நேராக இருக்கிறது, தராசின் முகம் வாங்குபவரைப் பார்த்தே வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு மூட்டைக்கு மேல் வாங்கினால் ஆட்டோவில் ஏற்றித் தருகிறார்கள், கூலி தனி. ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. மழைக் காலத்தில் கடை முன்னால் வண்டி நிறுத்துவது கடினம், சாலை குறுகலானது. புதிதாகப் போகிறவர்கள் கலப்புத் தீவனத்தை முதலில் பத்துக் கிலோ மட்டும் வாங்கி, பழைய தீனியோடு பத்துப் பன்னிரண்டு நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்வது நல்லது; பெருவயிற்று நுண்ணுயிர்களுக்குப் புதுத் தீனியோடு பழக அவ்வளவு காலம் வேண்டும். போகும்போது மாட்டின் உத்தேச எடையையும், கறக்கும் பால் அளவையும், நாளுக்குப் போடும் புல், வைக்கோல் கணக்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். நானூறு கிலோ எடையுள்ள பசுவுக்குப் பத்து முதல் பன்னிரண்டு கிலோ உலர்தீனி (ஈரத்தைக் கழித்துப் பார்த்த தீனியின் எடை) வேண்டும் என்ற அடிப்படையில் கடைக்காரர் அங்கேயே கூட்டிக் கழித்து, எவ்வளவு வாங்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்.